கம்பவுண்டர் ஊத்தின சொட்டு

பட்டறையில என் வேலை ஃபிட்டர். ஆனா ஒருத்தனும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. கம்பவுண்டர்ம்பாங்க. கையில தகடு கிழிச்சாலும், கண்ணுல வெல்டிங் அடிச்சாலும் நேரா என்கிட்டதான் வருவாங்க. என் லாக்கர்ல ஒரு பழைய பிஸ்கட் டப்பா. அதுக்குள்ள பஞ்சு, கட்டுத்துணி, தீப்புண் களிம்பு, அப்புறம் ஒரு சொட்டு மருந்து. அந்த டப்பாவை வெச்சுக்கிட்டு இருபத்தெட்டு வருஷம் நான் காட்டின பந்தா இருக்கே, அப்பப்பா! இப்ப நினைச்சா என் வாயிலயே போட்டுக்கணும் போல இருக்கு.

ஆனா நான் சொல்ல வந்தது என்னைப் பத்தி இல்ல. நூலைப் பத்தி.

நூலு எங்க பட்டறை வெல்டர். பைப்பு ரெண்டையும் ஒட்டி வெச்சுக் கொடுத்தா, நூல் பிடிச்ச மாதிரி ஒரே கோடா பத்தவெச்சுட்டுப் போவான். அதனால வந்த பேருதான். ஒரு வெல்டிங் ராடு எரிஞ்சு முடியற வரைக்கும் மூச்சைப் பிடிச்சுக்குவான். முடிஞ்சதும் கசடைத் தட்டிவிட்டு, தலையைச் சாய்ச்சு அந்த ஒட்டுத் தையலைப் பாத்து, "சரி, போய்ட்டு வா"ன்னு சொல்லுவான். பைப்புகிட்ட! ஏண்டா அதுக்கு என்ன காது இருக்கான்னு நாங்க கேட்டா, "நம்ம முதலாளிக்கு மட்டும் இருக்கா?"ம்பான். அவ்வளவுதான் பேச்சு. அதுக்கு மேல ஒரு வார்த்தை வாங்க முடியாது.

அந்தக் குணத்தைப் பாத்துத்தான் என் தங்கச்சிக்கு அவனைப் பேசி முடிச்சேன். அவ வீட்லயே தையல் மெஷின் போட்டுத் துணி தைக்கறவ. சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்து கை கழுவினதும் அவளுக்கு ஊசியில நூல் கோத்துக் கொடுக்கறது அவன் வேலை. நாளைக்கு வேண்டிய ஏழெட்டு ஊசியையும் வரிசையா கோத்துக் குத்தி வெச்சிருவான். ஐம்பத்திமூணு வயசுலயும் கண்ணாடி கிடையாது. "உன் மாப்ளைக்குக் கண்ணா அது, கழுகு"ன்னு தங்கச்சி என்கிட்டப் பெருமை பேசுவா.

எங்க தொழில்ல பெரிய பைப்பு வேலை செய்யணும்னா ஒரு கார்டு வேணும். வெளியில இருந்து இன்ஸ்பெக்டர் வந்து, பைப்பைச் சாய்ச்சுக் கட்டி, அடியில படுத்துக்கிட்டுப் பத்தவெக்கச் சொல்லுவாரு. கண்ணையும் சோதிப்பாரு. அதுல தேறினவனுக்குத்தான் கார்டு. நூலு பதினோரு வருஷம் அதுக்காகக் காத்திருந்தான். ரெண்டு தடவை முதலாளி தனக்கு வேண்டிய ஆளுங்க பேரை எழுதிக் கொடுத்துட்டாரு. அவனுங்க கையில பிடிச்ச ராடு பைப்புல ஒட்டிக்கிட்டு நிக்கும், அந்த லட்சணம். மூணாவது தடவைதான் நூலு பேரு வந்துச்சு. ஒரு மாசம் கழிச்சு ஒரு வியாழக்கிழமை சோதனை.

அந்த மாசம் முழுக்க ஆளு ஆளா இல்ல. ஷிப்ட் முடிஞ்சதும் பைப்புக்கு அடியில படுத்துக்குவான். சரியா சாப்பாடு கிடையாது, தூக்கம் கிடையாது. கன்னம் ஒட்டிப்போச்சு. "டேய் மாப்ள, கார்டு வாங்க ஆளு இருக்கணும்டா"ன்னு நான்கூடச் சொன்னேன். சிரிச்சான்.

சோதனைக்கு முந்தின சனிக்கிழமை, ஹெல்மெட்டைக் கழட்டிட்டு நெத்தியைப் பிடிச்சுக்கிட்டு வந்தான். "மச்சான், வலது பக்கம் சுரீர் சுரீர்ங்குது. சீப்பு பட்டாலே உயிர் போகுது."

நான் ஹெல்மெட்டை வாங்கித் திருப்பிப் பாத்தேன். உள்பட்டை விறைச்சுப் போயிருந்துச்சு. "பட்டை அழுத்துது, வேற ஒண்ணுமில்ல"ன்னு சொல்லி, துணியைச் சுத்தி மெத்தையாக்கிக் கொடுத்தேன். முதல் தப்பு அது. அதை மட்டும் மன்னிக்கலாம்னு பின்னாடி கண் டாக்டரம்மாவே சொன்னாங்க. அந்தக் கட்டத்துல யாருக்கும் தெரியாதாம். அதுக்கப்புறம் நான் செஞ்சதுக்குத்தான் மன்னிப்பு இல்ல.

திங்கக்கிழமை காலையில நெத்தியில கொப்புளம். வலது புருவத்துக்கு மேல ஒரு கொத்து, முடிக்குள்ள ஒரு கொத்து, எல்லாம் நீர் கோத்து மினுமினுன்னு இருந்துச்சு. மூக்கு நுனியில ஒண்ணு தனியா. நெத்திக்கு நடுவுல கோடு கிழிச்ச மாதிரி வலது பக்கத்தோட நின்னுருச்சு, இடது பக்கம் ஒரு புள்ளி கிடையாது.

தங்கச்சி அவனைக் கூட்டிக்கிட்டு என் வீட்டு வாசலுக்கே வந்துட்டா. "அண்ணே, இதைப் பாத்தா எனக்கு அக்கி மாதிரி தெரியுது. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லு. நான் சொன்னா கேக்க மாட்டேங்கறாரு."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? சிரிச்சேன். "அக்கியாம் அக்கி! அது இடுப்புலயும் முதுகுலயும் வரும். மூஞ்சியில வந்து எங்கயாவது பாத்திருக்கியா? மல்லாக்கப் படுத்துக்கிட்டுப் பத்தவெச்சா பொறி மேல விழாம பூவா விழும்? வலது பக்கம் சாய்ஞ்சு படுக்கறான், வலது பக்கம் விழுந்திருக்கு. இருபத்தெட்டு வருஷமா தீப்புண்ணைப் பாக்கறேன், எனக்குத் தெரியாதா?"

"கண்ணு கிட்ட இருக்கேண்ணே."

"நீ தைக்கறதைப் பாரு, போ."

அவ போயிட்டா. சின்ன வயசுல இருந்து நான் சொன்னா மறுபேச்சு பேசாத பொண்ணு. அந்த மரியாதையை நான் என்ன பண்ணினேன் பாருங்க.

உள்ளதைச் சொல்றேன். நூலுக்கும் ஆஸ்பத்திரி போக இஷ்டமில்ல. போனா டாக்டர் லீவு எழுதுவாரு, லீவுன்னதும் முதலாளி வேற பேரைக் கொடுத்திருவாரு. மறுபடி எத்தனை வருஷமோ? அவன் பயம் அது. ஆனா பயந்தவன் பேச்சைக் கேட்டு நானும் ஆடினா, எனக்கு எதுக்கு மூத்தவன்னு ஒரு பேரு?

செவ்வாக்கிழமை வலது கண்ணு செவந்துருச்சு. இமை வீங்கி, தண்ணியா கொட்டுது, வெளிச்சத்தைப் பாக்க முடியலை. வெல்டருக்குக் கண்ணு செவந்தா எங்க பட்டறையில ரெண்டாவது யோசனையே கிடையாது, ஆர்க் அடிச்சிருச்சும்போம். கவசம் போடாம வெல்டிங் வெளிச்சத்தைப் பாத்துட்டா, சில மணி நேரம் கழிச்சுக் கண்ணுக்குள்ள மணல் அள்ளிப் போட்ட மாதிரி அறுக்கும். ஒருநாள், ரெண்டுநாள்ல தானா சரியாயிரும். நான் நூறு பேருக்குப் பாத்திருப்பேன்.

"ஒரு கண்ணுல மட்டும் இருக்கே மச்சான்"னு அவனே கேட்டான். அவனுக்குத் தோணுச்சு! எனக்குத் தோணலை. "பக்கத்து மேடையில பத்தவெக்கறவன் உனக்கு வலது கைப் பக்கம்தானே? அங்கிருந்து அடிச்சிருக்கும்"னேன். எது கேட்டாலும் என்கிட்ட ஒரு காரணம் தயாரா இருந்துச்சு. அறிவாளி இல்லையா நானு.

அப்புறம் டப்பாவைத் திறந்தேன். அந்தச் சொட்டு மருந்து கண்ணை மரத்துப்போக வெக்கறது. கண் ஆபரேஷனுக்கு முன்னாடி டாக்டருங்க ஊத்தறது. வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் ஊத்தற சமாச்சாரமே இல்ல. தெரிஞ்ச மருந்துக் கடைக்காரன் ஒருத்தன் எனக்கு ரகசியமா கொடுப்பான். ஊத்தின அரை நிமிஷத்துல வலி பறந்துரும். அதனாலதான் என்னைத் தலையில தூக்கி வெச்சு ஆடினாங்க.

நூலை பெஞ்சுல உக்காரவெச்சு, தலையைப் பின்னாடி சாய்ச்சு, இமையை விரிச்சு ரெண்டு சொட்டு விட்டேன். கையை இறுக்கமா மூடிக்கிட்டு இருந்தவன், மெல்ல விரல் ஒவ்வொண்ணா விட்டான்.

"உன் கை ராசி மச்சான். எரியவே இல்ல."

செவ்வாய் நாலு தடவை. புதன்கிழமை எத்தனை தடவைன்னு கணக்கே இல்ல. மருந்து தீரத் தீர வலி முன்னைவிட மோசமா திரும்பி வந்துச்சு. நான் மறுபடி ஊத்தினேன். நெத்தியில தீப்புண் களிம்பு வேற. தங்கச்சி வீட்ல அதைத் துடைச்சு எடுத்துட்டு, அவன் துண்டையும் தலையணையையும் தனியா வெச்சாளாம். அவளுக்கு இருந்த புத்தி எனக்கு இல்ல.

வியாழக்கிழமை சோதனை. சுவத்துல எழுத்து அட்டையை மாட்டி இடது கண்ணை மூடிக்கிட்டுப் படிக்கச் சொன்னாரு இன்ஸ்பெக்டர். அந்த அட்டை ஆபீஸ் ரூம்ல வருஷக்கணக்கா தொங்குது, எங்க எல்லாருக்கும் மனப்பாடம். நூலு மேல இருந்து கீழ வரைக்கும் கடகடன்னு ஒப்பிச்சான். வீங்கின கண்ணைப் பாத்து, "என்னய்யா இது?"ன்னாரு. "நேத்து லேசா ஆர்க் அடிச்சிருச்சு சார்"னு நான் பின்னாடி இருந்து குரல் கொடுத்தேன். அவருக்கும் அது பழகின விஷயம். தலையை ஆட்டிட்டு எழுதிக்கிட்டாரு.

அன்னைக்கு அவன் பத்தவெச்சானே, அந்த மாதிரி ஒரு கோட்டை நான் என் வாழ்க்கையில பாத்ததில்ல. பாதி மூடின, மங்கலான வலது கண்ணோட, வேர்வை கொட்டக் கொட்ட, கை ஒரு நூல் அசையலை. ஹெல்மெட்டைக் கழட்டினப்போ மூஞ்சியில ஈயாடலை. ஆனாலும் குனிஞ்சு தையலைப் பாத்து, "சரி, போய்ட்டு வா"ன்னான். இன்ஸ்பெக்டரே சிரிச்சுட்டாரு. அவன் செஞ்ச கடைசி வேலை அதுதான்.

வெள்ளிக்கிழமை காலையில தங்கச்சி என்னைக் கேக்கலை. ஆட்டோ வரவெச்சு, அவனை ஏத்திக்கிட்டு, என் வீட்டு முன்னாடி நிறுத்தி, "ஏறு"ன்னா. அவ்வளவுதான் சொன்னா.

கண் டாக்டரம்மா சின்ன வயசுக்காரங்க. நூலோட முகத்தைப் பாத்ததுமே, கருவியில கை வெக்கறதுக்கு முன்னாடி, "இந்த மூக்கு நுனிக் கொப்புளம் எப்ப வந்தது?"ன்னு கேட்டாங்க.

"திங்கக்கிழமை"ன்னா தங்கச்சி.

டாக்டரம்மா பேனாவைக் கீழ வெச்சாங்க. "இது அக்கி. சின்ன வயசுல அம்மை போட்டிருந்ததா?"

போட்டிருந்துச்சு. எட்டு வயசுலன்னான் நூலு.

அப்புறம் அவங்க சொன்னதை நான் வார்த்தை மாறாம வெச்சிருக்கேன். அம்மை இறங்கிட்டாலும் அந்தக் கிருமி உடம்பை விட்டுப் போறதில்லையாம். நரம்போட வேர்ல போய்ப் படுத்துக்குமாம், நாப்பது வருஷம், ஐம்பது வருஷம். வயசாகி, இல்லேன்னா உடம்பு அசந்து, எதிர்ப்புச் சக்தி குறையற நேரம் பாத்து முழிச்சுக்கிட்டு, அந்த ஒரு நரம்பு வழியாவே தோலுக்கு வருமாம். அதனாலதான் ஒரு பக்கத்தோட நிக்குதாம். அதனாலதான் கொப்புளத்துக்கு முன்னாடியே வலியாம். நெத்திக்குப் போற நரம்போட கிளைதான் கண்ணுக்கும் மூக்கு நுனிக்கும் போகுதாம். மூக்கு நுனியில கொப்புளம் வந்தா, கண்ணுக்கும் வரப்போகுதுன்னு அர்த்தமாம்.

"கொப்புளம் வந்த மூணு நாளைக்குள்ள மாத்திரை ஆரம்பிச்சிருந்தா நல்லா கேட்டிருக்கும். இப்பவும் கொடுக்கறேன். ஆனா ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?"

"ஆர்க் அடிச்சிருக்கும்னு..."ன்னு நான் இழுத்தேன்.

அவங்க என்னை நிமிந்து பாத்தாங்க. "நீங்களும் பட்டறைக்காரர்தானே? ஆர்க்குன்னா ரெண்டு கண்ணுலயும்ல அடிக்கும்? ஒரு கண்ணுல மட்டும் நாலு நாள் நிக்குமா?"

நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. எனக்குத் தெரியாத விஷயமா அது? நூறு பேருக்குப் பாத்தவனாச்சே!

"கண்ணுல ஏதாவது மருந்து ஊத்தினீங்களா?"ன்னு அடுத்து கேட்டாங்க.

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள நூலு சொன்னான், "ஒண்ணும் ஊத்தலைங்க."

என்னைக் காப்பாத்தறானாம். வலியில உதடு நடுங்குது, அந்த நேரத்துலயும் மச்சானை விட்டுக்கொடுக்கலை. தங்கச்சி என்னைத் திரும்பிப் பாத்தா. அந்தப் பார்வையை என்னால தாங்க முடியலை. சட்டைப் பையில இருந்த பாட்டிலை எடுத்து மேஜையில வெச்சேன். "நான்தான் ஊத்தினேன். மூணு நாளா."

டாக்டரம்மா பேரைப் படிச்சாங்க. என்னைத் திட்டுவாங்கன்னு நினைச்சேன். திட்டலை. பாட்டிலைக் குப்பைக் கூடையில போட்டுட்டு, "வலி தெரியாம பண்ணிட்டீங்க, கூடவே கண்ணோட மேல்தோலையும் அரிச்சு எடுத்துட்டீங்க"ன்னு மெதுவா சொன்னாங்க. கத்தியிருந்தாங்கன்னா நல்லா இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில பன்னெண்டு நாள். கொப்புளம் வெடிச்சு, பொருக்குத் தட்டி, உதிந்துச்சு. பட்டறை ஆளுங்க எட்டிக்கூடப் பாக்கலை, அக்கி ஒட்டிக்குமாம். அம்மை வராதவங்களுக்கு, பொருக்கு தட்டற வரைக்கும், இதுல இருந்து அம்மை வரலாம், அக்கி வராதுன்னு டாக்டரம்மா சொன்னதைப் போய்ச் சொன்னேன். "கம்பவுண்டர் சொன்னா சரிதான்"னு ஒருத்தன் சொன்னான், இன்னொருத்தன் கனைச்சான். அதுக்கப்புறம் டப்பாவைத் தூக்கி எறிஞ்சுட்டேன். ஐம்பது வயசு தாண்டினவங்களுக்குத் தடுப்பூசி இருக்குன்னு சொன்னேன், அதை ஒருத்தனும் காதுல போட்டுக்கலை.

கொப்புளம் போச்சு, வலி போகலை. நரம்பு கெட்டுப்போனா அப்படித்தானாம், மாசக்கணக்கா நிக்குமாம், சிலருக்கு வருஷக்கணக்கா. அவன் இருக்கற ரூம்ல ஃபேன் போடக்கூடாது. காத்து நெத்தியில பட்டா அலறுவான். அதிகம் பேசாத அந்த மனுஷன் அலறுவான்! தலை வழியா மாட்டற பனியனைக் கழிச்சுட்டு, எல்லாம் பொத்தான் வெச்ச சட்டையா தங்கச்சி தைச்சுக் கொடுத்தா.

அஞ்சாவது வாரம் மறுபடி டாக்டரம்மாகிட்டப் போனோம். பஞ்சைத் திரிச்சு நூல் மாதிரி ஆக்கி, வலது கண்ணோட கருவிழியைத் தொட்டாங்க. நான் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். தொட்டாங்க, மறுபடி தொட்டாங்க, மூணாவது தடவையும் தொட்டாங்க. இமைகூட ஆடலை.

"எப்பங்க தொடப் போறீங்க?"ன்னு கேட்டான் நூலு.

காத்து பட்டா உயிர் போகுது தோலுக்கு. பஞ்சு பட்டாத் தெரியலை கண்ணுக்கு. கருவிழியில வெள்ளையா தழும்பு. வெளிச்சம், இருட்டு, அவ்வளவுதான் தெரியும். இதுல கிருமி செஞ்சது எவ்வளவு, நான் ஊத்தினது செஞ்சது எவ்வளவுன்னு கேட்டேன். பிரிச்சுச் சொல்ல முடியாதுன்னுட்டாங்க டாக்டரம்மா. முதல் நாளே வந்திருந்தாலும் சில பேருக்கு இப்படி ஆகறது உண்டாம். அது எனக்கு ஆறுதலுக்குச் சொன்னது. நான் எடுத்துக்கலை.

கார்டு அதுக்குள்ள வந்துருச்சு. பதினோரு வருஷம் காத்திருந்த கார்டு. முதலாளி பட்டறையில எல்லார் முன்னாடியும் அதை அவன் கையில கொடுத்துட்டு, அடுத்த வாரத்துல இருந்து கேட்டுல வாட்ச்மேனா உக்காரச் சொன்னாரு. ஒரு கண்ணு போனா ராடு நுனி எங்க, பைப்பு எங்கன்னு தூரம் பிடிபடாது. அவனும் முயற்சி பண்ணிப் பாத்தான். ராடு ஒரு பக்கம், பைப்பு ஒரு பக்கம்னு போச்சு. சாயங்காலம் வீட்ல ஊசி கோக்க உக்காந்தான். நூல் ஊசிக்கு முன்னாடியும் பின்னாடியும் போய்ட்டுப் போய்ட்டு வந்துச்சு. தங்கச்சி ஊசியை அவன்கிட்ட இருந்து வாங்கலை. உள்ள எந்திரிச்சுப் போயிட்டா.

உணர்ச்சி இல்லாத கண்ணு சரியா இமைக்காது, காய்ஞ்சு புண்ணாயிரும். அதனால நாள் முழுக்க ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை ஈரத்துக்குச் சொட்டு விடணும்னு டாக்டரம்மா எழுதிக் கொடுத்தாங்க. அந்தச் சீட்டைத் தங்கச்சி என்கிட்ட நீட்டினா. ரெண்டு மாசத்துல அவ என்கிட்டப் பேசின முதல் பேச்சு அது.

"பட்டறையில இருக்கற நேரத்துக்கு நீதான் ஊத்தணும்."

"அவனே ஊத்திக்க மாட்டானாம்மா?"

"ஊத்திக்குவாரு. ஆனா நீ ஊத்து. ஊத்தும்போது அந்தக் கண்ணைப் பாரு."

அதுதான் நடக்குது இப்ப. ரெண்டு வருஷமாச்சு. பத்து மணிக்கு, பன்னெண்டுக்கு, ரெண்டுக்கு, நாலுக்கு நான் ஸ்பேனரைக் கீழ வெச்சுட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கிட்டு கேட்டுக்குப் போவேன். வண்டி நம்பரை எழுதிக்கிட்டு இருப்பான். என்னைப் பாத்ததும் நோட்டை மூடிட்டு, தலையைப் பின்னாடி சாய்ச்சு, கண்ணைத் திறந்து காட்டுவான். அவனுக்கு என் மேல கோவமே இல்ல. ஒருநாளாவது ரெண்டு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டுடான்னா, "உனக்கென்ன பைத்தியமா மச்சான்?"ம்பான்.

இன்னைக்கும் அப்படித்தான் போனேன். வெயில் நேரா மூஞ்சியில அடிச்சுது. கை கொஞ்சம் ஆடிருச்சு, பாட்டில் நுனி அவன் கருவிழியிலயே இடிச்சிருச்சு. நான் பதறிப்போயி, "ஐயோ, பட்டுருச்சா மாப்ள?"ன்னு கத்திட்டேன்.

அவன் கண்ணைக்கூடச் சிமிட்டலை.

"நீ ஊத்து மச்சான்"னான். "உன் கைன்னா எனக்கு எரியவே எரியாது."